மலைப்பாதையில் பழைய ஜீப்: சொந்தக் கையால் பழுதுபார்ப்பதன் பலமும் எல்லையும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர், 2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. கொழும்பு வீதிகளில் புதிய வாகனங்கள் பளபளக்கத் தொடங்கிவிட்டன. ஆயினும் கொட்டகலை, தலவாக்கலை, ஹட்டன் ஆகிய நகர்களிலிருந்து தோட்டங்களை நோக்கிப் பிரியும் கற்பாதைகளில் அந்த மாற்றம் அவ்வளவாகத் தென்படவில்லை. அங்கு மரக்கறி மூடைகளையும் உர மூடைகளையும், சில வேளைகளில் நோயாளியையும் சுமந்து ஏறுவது, அரை நூற்றாண்டு வயதை எட்டிய, நான்கு சக்கரங்களும் இயங்கும் பழைய ஜீப் வண்டிகளே. இவற்றை ஓட்டத்தில் வைத்திருப்பவர்கள் பெரிய நிறுவனங்களின் பொறியியலாளர்கள் அல்லர். வண்டியின் சொந்தக்காரரும், அவருக்குத் துணையாக நிற்கும் உள்ளூர் கராஜ் பாஸும், இரண்டொரு ஸ்பெனர்களுமே அந்த வேலையைச் செய்துவருகின்றனர். இவ்வழக்கம் எப்படி வந்தது, எதனால் சாத்தியமாகிறது, எந்த இடத்தில் அது ஆபத்தாகிறது என்பதை விளக்கமாக நோக்குவது பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

லேண்ட் ரோவர் என்ற வண்டி உலகுக்கு முதன்முதலில் அறிமுகமானது 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி, நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடைபெற்ற வாகனக் கண்காட்சியிலாகும். இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ் என்பவர், தமது பண்ணையில் பயன்படுத்திய அமெரிக்கப் படை ஜீப் ஒன்றை முன்மாதிரியாக வைத்தே இதனை வடிவமைத்தார். யுத்தம் முடிந்த காலமாதலால் உருக்குக்குக் கட்டுப்பாடு இருந்தது. அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. எனவே வண்டியின் மேற்பாகம் அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆனது. தற்செயலாக அமைந்த இந்த ஏற்பாடே, மழையும் பனிமூட்டமும் வருடத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் எமது மலையகத்துக்கு வரமாக வாய்த்தது. சாதாரண இரும்புத் தகட்டு வண்டி சில ஆண்டுகளில் உக்கிப்போகும் இடத்தில், லேண்ட் ரோவரின் கதவும் மட்கார்டும் பேரனின் காலத்திலும் அப்படியே இருக்கின்றன.

அந்நாளில் இந்த வண்டி தோட்டத்துரையின் வண்டி. வெள்ளைக்காரத் துரைமார் மலைக்கு மலை சுற்றிவருவதற்கென வரவழைக்கப்பட்ட இவை, அவர்கள் போன பின்னர் பலரின் கைகளுக்கு மாறின. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்படி நிர்வாகம் கைமாறிய ஒவ்வொரு தடவையும் பழைய வாகனங்கள் ஏலத்துக்கு வருவது வழமை. தோட்டத்திலிருந்து ஏலத்தில் வந்தவை ஒருபுறம், படைத்தரப்பும் அரச திணைக்களங்களும் கழித்துவிட்டவை மறுபுறமாக, இவ்வண்டிகள் தோட்டப்புறக் கடைக்காரர், மரக்கறி வியாபாரி, சிறு ஒப்பந்தக்காரர் என்போரை வந்தடைந்தன. பாட்டன் ஓடி ஒதுங்கி வழிவிட்ட வண்டியைப் பேரன் சொந்தமாக வாங்கி ஓட்டுகின்றான். மலையகத்தின் சமூக வரலாற்றை எழுதுவோர் இதையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளலாம்.

இலக்கத் தகடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வண்டிகளில் மூத்தவை ஆங்கில எழுத்துகளைத் தாங்கியவை. அடுத்து வந்தவை நடுவே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைத் தாங்கியவை. அந்த ஒற்றை எழுத்தை எதிர்த்து 1958இல் தமிழர் தார்ச்சட்டியும் தூரிகையுமாக வீதிக்கு இறங்கியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அதே ‘ஸ்ரீ’ தகடுள்ள வண்டியைத் தமிழ் இளைஞன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து மெருகேற்றுகின்றான். காலம் செய்யும் வேடிக்கைகள் பல.

லேண்ட் ரோவர் மட்டுமல்ல, 1953இல் தொடங்கி அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் அனுமதியுடன் ஜப்பானில் தயாரிக்கப்பட்ட மிட்சுபிஷி ஜீப், இந்தியாவின் மஹிந்திரா ஜீப், பழைய டொயோட்டா லேண்ட் குரூஸர், நிசான் பட்ரோல் என்பனவும் எமது மலைகளில் உண்டு. எமது மக்கள் எல்லாவற்றையும் ‘ஜீப்’ என்றே அழைப்பர். நாமும் அப்படியே அழைப்போம். இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. எல்லாம் திருகாணியால் பூட்டப்பட்டவை. மட்கார்டு நசுங்கினால் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். கதவைக் கையால் தூக்கி எடுத்துவிடலாம். பொனட்டைத் திறந்தால் என்ஜினுக்கும் தகட்டுக்கும் இடையே கை நுழைவதற்கு இடமிருக்கின்றது. கணினி கிடையாது; உணர்கருவிகள் கிடையாது. டீசல் என்ஜினாயின், எரிபொருளும் காற்றும் ஒழுங்காகக் கிடைக்கும் வரை அது ஓடிக்கொண்டேயிருக்கும். இன்றைய நவீன ஜீப்பில் ஒரு சிறு விளக்கு எரிந்தால், அது ஏன் எரிகின்றது என்பதை அறியவே கருவி பொருத்திய கராஜுக்குப் போகவேண்டும். பழைய வண்டியோ தன் நோயைச் சத்தமாகவும் புகையாகவும் ஒயில் சொட்டாகவும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றது. லேண்ட் ரோவரில் ஒயில் சொட்டாவிட்டால் உள்ளே ஒயில் இல்லை என்று பொருள் என்று கேலி பேசுவதுண்டு. அந்தக் கேலி எவ்வளவு தூரம் ஆபத்தானது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

பொருளாதாரமும் இந்த வழக்கத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றது. 2022இல் நாடு வங்குரோத்தான போது டொலரின் விலை சில வாரங்களுக்குள் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா. எரிபொருள் தொடருந்து வந்து இறக்கும் களஞ்சியம் கொட்டகலையிலேயே இருந்தும், கொட்டகலையில் உள்ளவர் ஏனையோரைப் போல வரிசையில்தான் நின்றார். புதிய வாகனம் இல்லை, வெளிநாட்டு உதிரிப்பாகம் இல்லை, இருந்தாலும் வாங்கப் பணமில்லை என்ற நிலையில், உள்ளதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அக்காலத்தில் பலருக்குக் கைகொடுத்தது கொழும்பு பஞ்சிகாவத்தைச் சந்தையாகும். முஸ்லிம் வர்த்தகர்கள் பலர் தலைமுறைகளாக நடத்திவரும் அந்தக் கடைகளில், பழைய வண்டியின் கியர்ச் சில்லு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தவுடனேயே அது எந்த ஆண்டு, எந்த வகை என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கின்றார்கள். எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படாத அறிவு அது. ஹட்டன் பக்கத்து ஜீப் சொந்தக்காரர் ஒருவர் காலைத் தொடருந்தில் ஒரு சாக்குப் பையுடன் போய், மாலையில் பாரமான பையுடன் திரும்பும் பயணம் மலையகத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது.

இனி, சொந்தக்காரர் தாமே செய்யக்கூடியவை எவை என்பதைப் பார்ப்போம். ஒயில் மாற்றுதல், கிறீஸ் அடித்தல், வடிகட்டிகளை மாற்றுதல், விசிறிப் பட்டியின் இறுக்கம் பார்த்தல், ஸ்பிரிங் இலைகளைக் கட்டும் வளையாணிகளை இறுக்குதல் என்பன எவரும் பழகிக்கொள்ளக்கூடியவை. கற்பாதையில் ஓடும் வண்டியில் ஆணிகள் தளர்ந்துகொண்டேயிருக்கும். ஆகவே மாதத்தில் ஒருமுறையாவது ஸ்பெனருடன் வண்டியின் அடியில் படுத்து எழும்புவது நல்லது. ஆற்றையோ ஓடையையோ கடந்து வந்தால், டிப்பரன்ஷல் ஒயிலைச் சற்றுக் கழற்றிப் பார்க்கவேண்டும். பாலைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றாமல் ஓட்டினால் உள்ளே உள்ள பற்சில்லுகளும் பெயரிங்குகளும் தேய்ந்துபோகும்.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மேற்தகடு அலுமினியம் என்பதால் வண்டி முழுவதும் துருப்பிடிக்காது என்று எண்ணிவிடுகின்றனர். அது பெருந்தவறு. வண்டியைத் தாங்கும் செஸி உருக்காலானது. என்ஜினுக்கும் சாரதிக்கும் இடையில் உள்ள தடுப்பும் உருக்கு. செஸி உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி வடிவமாதலால் அது வெளியிலிருந்து உக்குவதில்லை, உள்ளிருந்து உக்குகின்றது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தோட்டப்பாதைச் சேறு அதன் வடிகால் துவாரங்களை அடைத்துவிடும். தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். வெளியே கறுப்புப் பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே கடதாசியைப் போல மெலிந்துவிடும். சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உக்கிய இரும்பு மந்தமாகத் தட்டுப்படும். பின்பக்கக் குறுக்குச் சட்டமும் ஸ்பிரிங் தொங்கும் இடங்களுமே முதலில் போகக்கூடியவை. அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், அலுமினியம் வெண்பொடியாக உதிரும். இரண்டுக்கும் இடையில் றப்பர்த் துண்டோ நல்ல பூச்சோ வைத்தால் அதைத் தடுக்கலாம். பழைய என்ஜின் ஒயிலைச் செஸிக்குள் தெளிக்கும் வழக்கம் ஊரில் உண்டு. துருவைத் தடுப்பதில் அது ஓரளவு பயன்தரும் என்றாலும், பிரேக் குழாயின் றப்பரிலும் ஸ்பிரிங் புஷ்களிலும் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒயில் பட்ட றப்பர் ஊதி நைந்துபோகும்.

அடுத்தது பிரேக். இதனைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. 2023 ஜனவரி 20ஆந் திகதி நானுஓயா, ரதெல்ல குறுக்குவீதியின் செங்குத்து இறக்கத்தில் பாடசாலை மாணவர்களை ஏற்றிச்சென்ற பேருந்து ஒன்று கட்டுப்பாட்டை இழந்து வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியதில் 7 உயிர்கள் பறிபோயின. வேனில் இருந்தோரும் முச்சக்கரவண்டிச் சாரதியுமாக, இறந்தவர்கள் எமது மலையகத்தின் முஸ்லிம்களும் தமிழருமே. அது பழைய ஜீப் சம்பந்தப்பட்ட விபத்து அன்று. ஆனால் இம்மலைகளின் இறக்கம் எப்படிப்பட்டது என்பதை அதைவிடக் கொடூரமாகச் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாரத்துடன் இரண்டாயிரம் கிலோகிராம் எடையுள்ள ஜீப் 300 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகின்றது என வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் பிறக்கும் சக்தி முழுவதையும் பிரேக்கே விழுங்குவதாயின், அது ஏறக்குறைய 17 லீற்றர் குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பமாகும். அந்த வெப்பம் நான்கு இரும்புப் பறைகளுக்குள் சேர்கின்றது. பிரேக் ஒயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஊறிய பின்னர் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும்; ஒயில் அமுங்காது. சாரதி மிதிக்கின்றார், கால் பலகைவரை போகின்றது, வண்டி நிற்கவில்லை. சில நிமிடம் கழித்துச் சூடு ஆறியதும் பிரேக் நன்றாகவே பிடிக்கும். ‘ஒன்றும் பழுதில்லையே’ என்று அவரே வியப்பார். மழையும் பனியும் மிகுந்த எமது பகுதியில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஒயிலை முற்றாக மாற்றுவதைக் கட்டாயமாகக் கொள்ளவேண்டும். செலவு சொற்பம். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல், ஏறிய கியரிலோ அதைவிடக் குறைந்த கியரிலோ என்ஜினைக் கொண்டே வண்டியைத் தாங்கி இறக்கும் பழைய பழக்கத்தை இளஞ்சாரதிகளும் கைக்கொள்ளவேண்டும். துணைக் கியர்பெட்டியின் குறைவேகக் கியர் சேற்றுக்கு மட்டும் உரியது அன்று.

ஆரம்பகால லேண்ட் ரோவரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் குழாய்த்தொடர்தான். எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் ஒருங்கே போய்விடும். இங்கேதான் அந்த ஒயில் சொட்டுக் கேலி விபரீதமாகின்றது. சக்கரத்தின் ஒயில் சீல் தேய்ந்தால், அக்ஸிலில் உள்ள ஒயில் பறைக்குள் வடிந்து பிரேக் லைனரை நனைக்கும். நனைந்த லைனர் பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வண்டி மறுபக்கம் இழுக்கும். மலைப்பாதையில் அந்த மறுபக்கம் பெரும்பாலும் பள்ளம். சீலை மாற்றாமல் லைனரை மட்டும் பெற்றோலால் கழுவிப் பூட்டுவோர் உளர். இரண்டு வாரத்தில் அதே கதை. ஒயில் ஊறிய லைனர் கழுவினாலும் தேறாது. இன்னொன்று: பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கலாம். பறையைக் கழற்றியதும் அந்தத் தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் நுரையீரலுக்கு விலைபேசும் செயல். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஹாண்ட் பிரேக்கைப் பற்றி, தாமே வேலை செய்வோர் பலர் அறியாத செய்தியொன்று உண்டு. காரில் ஹாண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிக்கும். பழைய லேண்ட் ரோவரிலோ அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. துணைக் கியர்பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டில் உள்ள பறையைப் பிடிக்கின்றது. சமதரையில் வேறுபாடு தெரியாது. சரிவில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால் என்ன நடக்கும்? தூக்கிய சக்கரம் ஒருபுறம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறுபுறம் சுற்ற டிப்பரன்ஷல் இடங்கொடுக்கும். தண்டு அசையாமல் நிற்கும்போதே வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழும். அடியில் யார் இருக்கின்றார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே டயர் மாற்றுவதாயினும் இயன்றவரை சமதரையைத் தேடுக. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொள்க. தரையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க மறவாதீர். வண்டியின் கீழே புகுவதாயின் ஜாக்கியை நம்பாது, உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்கிய பின்னரே புகவேண்டும். கருங்கல்லையும் தேயிலைப் பெட்டியையும் அடுக்கிவைத்துக் கீழே படுப்பதை நாம் கண்டிருக்கின்றோம்; அது வீரமன்று.

பழுதுபார்த்தலிலிருந்து மேம்படுத்தலுக்கு வருவோம். இளைஞர் பலரின் ஆர்வம் இதிலேயே. மேம்படுத்தல் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது என்ஜினை மாற்றுவது. இதைக் குறைகூற முடியாது. பழைய 2.25 லீற்றர் லேண்ட் ரோவர் டீசல் என்ஜின் புதிதாக இருந்தபோதே சுமார் 62 குதிரைவலு கொண்டது. கொட்டகலை கடல்மட்டத்திலிருந்து சுமார் நாலாயிரம் அடி உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி குறைந்து அதிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் நிசான், இசுசு, டொயோட்டா டீசல் என்ஜினொன்றைப் பொருத்துவது இலங்கை முழுவதும் பழகிப்போன வழக்கம். சிக்கனமும் கிடைக்கின்றது, உதிரிப்பாகமும் கிடைக்கின்றது.

ஆனால் வரிசை தலைகீழாக இருப்பதையே நாம் குறையாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. அறுபது குதிரைவலுவுக்காக அமைக்கப்பட்ட பிரேக், ஸ்டியரிங், அக்ஸில் தண்டுகள் அப்படியே இருக்க, தொண்ணூறு குதிரைவலு என்ஜின் வந்து உட்காருகின்றது. ஏற்றத்தில் மகிழ்ச்சிதான். இறக்கத்தில் அதே பழைய பறைகள். முன்னர் முப்பது கிலோமீற்றர் வேகத்தில் தள்ளாடி வந்த வளைவுக்கு இப்போது அறுபதில் வந்து சேரும் வண்டி நிற்பதற்கு நான்கு மடங்கு தூரம் வேண்டும். வேகம் இரு மடங்கானால் அடக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகவியல். பழைய லேண்ட் ரோவரின் பின் அக்ஸில் தண்டுகள் கூடுதல் முறுக்கத்தில் ஒடிந்துபோவதற்குப் பெயர்பெற்றவை என்பதும் அனுபவசாலிகள் அறிந்ததே.

இன்னொரு நுணுக்கம். பெற்றோல் என்ஜினில் காற்றை உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் இயல்பாக உண்டாகும். பிரேக் பூஸ்டருக்கு அந்த வெற்றிடமே பலம். டீசல் என்ஜினில் அது இல்லை. எனவே வெற்றிடத்துக்கெனத் தனிப் பம்ப் வேண்டும். ஜப்பானிய டீசல் என்ஜின்கள் பலவற்றில் அப்பம்ப் அல்டர்னேட்டரின் பின்னாலேயே இணைந்திருக்கும். என்ஜினை மாற்றுவோர் மின்சாரத்துக்கு மட்டும் பார்த்துப் பம்ப் இல்லாத அல்டர்னேட்டர் ஒன்றைப் பூட்டிவிட்டால், பூஸ்டர் வெறும் அலங்காரமாகிவிடும். பம்ப் இருந்தாலும், விசிறிப் பட்டி அறுந்தால் பற்றரி மின்னூட்டம் மட்டுமல்ல, பிரேக்கின் உதவியும் சிறிது நேரத்தில் போய்விடும். ஆகவே மேலதிகப் பட்டியொன்றை வண்டியில் வைத்திருப்பது நலம்.

பிரேக், ஸ்டியரிங், செஸி, டயர் ஆகியவற்றைச் சரிசெய்து, இருக்கைப் பட்டியும் நல்ல முன்விளக்கும் பொருத்தி, அதன் பின்னரே என்ஜினைப் பற்றி யோசிப்பது முறை என்பது எமது அபிப்பிராயம். பழைய டைனமோவைக் கழற்றி அல்டர்னேட்டர் பூட்டுவது நல்ல மேம்படுத்தலே. பனிமூட்டத்தில் விளக்கின் வெளிச்சம் மங்காது. ஆனால் 1967ஆம் ஆண்டுக்கு முந்திய வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே செஸியில் இணைக்கப்பட்டிருக்கும். அதைக் கவனியாது புதிய அல்டர்னேட்டரைப் பூட்டினால் ஒரு நொடியில் எரிந்துவிடும். மாஸ்டர் சிலிண்டர், ஸ்டியரிங் பெட்டி, செஸி வெல்டிங் ஆகிய மூன்றும் சொந்தக்காரர் தாமாகத் தொடக்கூடாத வேலைகள் என்றே கூறுவோம். வீட்டு முற்றத்தில் செய்த வெல்டிங் மேலே அழகாகப் படிந்திருக்கும். உள்ளே உருகிச் சேர்ந்திருக்காது. அது எப்போது விடும் என்பது கல்லில் ஏறும்போதுதான் தெரியவரும்.

சட்டத்தின் பக்கமும் உண்டு. என்ஜினை மாற்றினால் புதிய என்ஜின் இலக்கத்தையும், எரிபொருள் வகை மாறினால் அதனையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் திருத்திக்கொள்ளவேண்டும். அதற்கு இறக்குமதிப் பத்திரமும் வாங்கிய பற்றுச்சீட்டும் தேவைப்படும் என்பதால் பலர் அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடுகின்றனர். விபத்து நேர்ந்த பின்னர் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். பொருந்தாவிடின் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. பற்றுச்சீட்டு தருமாறு கடைக்காரரை வற்புறுத்துவது வாடிக்கையாளரின் உரிமை. கொடுப்பது வர்த்தகரின் கடமை. ஆண்டுதோறும் எடுக்கும் புகைச் சான்றிதழ் புகையை மட்டுமே அளக்கின்றது. அதைப் பெற்ற வண்டியின் பிரேக்கும் நன்றாக இருப்பதாகச் சிலர் எண்ணிக்கொள்வது வேதனைக்குரியது.

பழைய வண்டியைக் காப்பாற்றும் இந்தப் பழக்கம் எமக்கு மட்டும் உரியது அன்று. தேயிலை விளையும் மலைகள் எல்லாவற்றிலும் இது இருக்கின்றது. டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்சன் என்ற சிற்றூரில், 1950களின் லேண்ட் ரோவர்கள் சுமார் நாற்பது 2018 அளவிலும் ஓடிப் பயணிகளை 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூ மலைக்கு ஏற்றிச் சென்றிருக்கின்றன. அவையும் தோட்டத்துரைமார் விட்டுச்சென்றவையே. அவ்வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கென ஒரு சங்கம் உண்டு. லேண்ட் ரோவரின் 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி அந்நிறுவனமே அவ்வூரைத் தேடிச்சென்று படம் எடுத்தது. மலேசியாவின் கமரன் மலைநாட்டில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கலந்துவாழும் தேயிலை, மரக்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் பெருந்தொகையாக உள்ளன. மரக்கறிக் கூடைகளுடன் அவை இறங்கிவருவது அங்கு அன்றாடக் காட்சி. எமது நாட்டிலும் சிங்கராஜ வனத்தின் விளிம்பில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்குபவை பெரும்பாலும் இத்தகைய ஜீப்களே. மானேபஞ்சன்காரர்களிடமிருந்து நாம் கற்கவேண்டியது சங்கமாகச் சேர்ந்திருப்பதைத்தான். தனியொருவர் ஒரு சீலுக்காகக் கொழும்புவரை போகின்றார். இருபது பேர் சேர்ந்தால் ஒரு பெட்டி சீலைத் தருவித்து வைத்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது மலையக வீதிகள் பல மண்சரிவால் துண்டிக்கப்பட்டன. பெரிய வாகனங்கள் செல்லமுடியாத பாதைகளின் வழியே லயங்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுசேர்க்க, சேற்றில் ஏறக்கூடிய வண்டி எவ்வளவு அவசியம் என்பது அந்நாட்களில் எல்லோருக்கும் புரிந்தது. அத்தகைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் எமக்குத் தேவை. புதியதொன்றின் விலையும் வரியும் மரக்கறி வியாபாரி ஒருவரின் கனவுக்கும் எட்டாதவை.

ஆயின் வண்டியை விடவும் வேகமாக மறைந்துவருவது, அதை அறிந்தவர்களின் அறிவாகும். பெயரிங்கின் ஓசையைக் கேட்டே தேய்வைச் சொல்லக்கூடிய மூத்த பாஸ்மார் ஒவ்வொருவராக ஓய்ந்துவருகின்றனர். அவர்களிடம் பயின்ற பையன்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டனர். வண்டியோடு வந்த செப்பமிடும் கைநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கராஜில் வேலை செய்யும் இளைஞனோ தமிழ்மொழி மூலம் படித்தவன். எந்த ஆணியை எவ்வளவு இறுக்கவேண்டும் என்ற அட்டவணையைக்கூட அவன் ஊகித்தே செய்கின்றான். ஹட்டன், கொட்டகலைப் பகுதித் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் திருத்தப் பாடநெறிகள் நடைபெறுகின்றன. அவற்றோடு, சொந்தக்காரர்களுக்கும் கராஜ் பையன்களுக்குமாக, வார இறுதியில் பிரேக், ஸ்டியரிங், செஸி ஆகியவற்றை மட்டும் தமிழில் கற்பிக்கும் சிறு வகுப்பொன்றை ஆரம்பிக்கலாம். ஓய்வுபெற்ற பாஸ்மார் இருவரை அழைத்துக் கைச்செலவுக்கு ஏதேனும் கொடுத்தால் போதும். கற்பிக்க அவர்கள் ஆயத்தமாகவே இருப்பார்கள். வகுப்பறை தேவையில்லை, மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும், கழற்றிப் பூட்ட ஓடாத ஜீப் ஒன்றும் போதும். அப்படியொன்று இல்லாத நகர் மலையகத்தில் இல்லை.